எழுத்து பஞ்ச், எண் பஞ்ச் கொண்டு தகட்டிலும் தோலிலும் பெயர் பொறிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சீர்வரிசைப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கிக்கொள்வது நம் வழக்கம். ஒரு காலத்தில் சிறு உளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்தினார்கள். இன்று மின்சாரக் கருவி அதே வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது முறை ஒன்று பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. எழுத்தொன்றுக்கு ஓர் எஃகுத் தண்டு. அதன் நுனியில் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பிச் செதுக்கிய எழுத்து. தலையில் ஒரே ஓர் அடி. இயந்திர உதிரிபாகங்களுக்கு எண் இடவும், வாகனங்களின் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) குறி இடவும், எடைக்கற்களின் அடியிலுள்ள ஈயத்தில் முத்திரை குத்தவும் பயன்பட்ட இந்த பஞ்ச்கள் இப்போது சாவி வில்லை, வீட்டு எண் பலகை, நாய்க்கழுத்துப் பட்டை, தோட்டத்துச் செடிப் பெயர்த் தகடு, தோல் பணப்பை எனக் கைவினைப் பொருள்களுக்கும் வந்துவிட்டன.

இந்த வேலையில் அடிக்கும் நேரம் மிகக் குறைவு. எழுத்து திருத்தமாக விழுவதும் கோணலாக விழுவதும் அடிக்கு முன்பே, தகட்டின் மென்மையிலும் அடிக்கட்டையின் கனத்திலும் கோடு போட்ட விதத்திலும் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே இவ்வழிகாட்டி முன்னேற்பாடுகளுக்கே அதிக இடம் தருகிறது.

பஞ்ச் செட் வாங்கும்போது

வன்பொருள் கடைகளில் 'லெட்டர் பஞ்ச்', 'நம்பர் பஞ்ச்' என்று கேட்டாலே போதும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் தேடலாம். ஆங்கில எழுத்துச் செட்டில் வழக்கமாக 27 தண்டுகள் இருக்கும். 26 எழுத்துகள், கூடவே 'அண்டு' குறி (&). எண் செட்டில் ஒன்பது தண்டுகள் மட்டுமே இருப்பதைப் பார்த்து ஒன்று குறைகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே ஒன்பது.

எழுத்தின் உயரம் 1.5 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை பல அளவுகளில் கிடைக்கிறது. கைவினைக்கு ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால் 3 அல்லது 4 மி.மீ. வாங்குங்கள். 2 மி.மீ.க்குக் குறைந்தால் வரிசை சற்றுப் பிசகினாலும் கண்ணில் குத்தும்; 6 மி.மீ.க்கு மேல் போனால் கனமான சுத்தியலும் தோள் வலுவும் வேண்டும். பெரிய எழுத்து எளிது என்று தொடக்கத்தில் தோன்றும், ஆனால் எழுத்தின் பரப்பு கூடக்கூட அதை உலோகத்துக்குள் இறக்குவதற்கான விசையும் கூட வேண்டும் என்பதால் உண்மை அதற்கு நேர்மாறானது.

வாங்கியவுடன் ஒவ்வொரு தண்டையும் ஒரு துண்டு அலுமினியத்தில் அடித்துப் பார்த்து, எழுத்து நேராக விழும்போது உங்கள் கட்டைவிரல் படும் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஆங்கில 'என்' எழுத்தைக் கால்வட்டம் திருப்பினால் 'இசட்' போலாகிவிடும். 'எம்' தலைகீழானால் 'டபிள்யூ'வை ஒத்திருக்கும். ஆறும் ஒன்பதும் சொல்லவே வேண்டாம். இந்தப் புள்ளி இருந்தால் ஒவ்வொரு முறையும் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் வேலை மிச்சம்.

எந்த உலோகம், எவ்வளவு கனம்

பஞ்ச்சின் நுனி கடினப்படுத்திய எஃகு. அது தன்னைவிட மென்மையான உலோகத்தில்தான் பதியும். அலுமினியம், செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவை ஏற்றவை. சாதாரண இரும்புத் தகட்டிலும் அடிக்கலாம். கைவினைக்கு அது தேவைப்படுவது அரிது. எவர்சில்வரைத் தவிர்த்துவிடுங்கள். அது இயல்பிலேயே கெட்டியானது. அதோடு, அடி விழும் இடத்தில் மேலும் இறுகும் தன்மையுடையது. சாதாரண பஞ்ச்சை அதில் அடித்தால் எழுத்து பதிவதற்கு முன் பஞ்ச்சின் முனை மழுங்கும். மெல்லிய எவர்சில்வர் டம்ளரில் அடித்தாலோ டம்ளர்தான் நசுங்கும். அந்த வேலையைப் பாத்திரக்கடைக் கருவிக்கே விட்டுவிடுவது நல்லது.

முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு அலுமினியத்தைவிடச் சிறந்தது இல்லை. விலை குறைவு, மென்மை அதிகம், தவறினால் மனம் கனக்காது. கை பழகிய பிறகு செம்புக்கும் பித்தளைக்கும் வரலாம். கனம் 1 மி.மீ. முதல் 1.5 மி.மீ. வரை இருப்பது உத்தமம். 0.8 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் எழுத்து பின்பக்கம் புடைத்துத் தெரியும், தகடும் அதிகமாக வளையும்.

தகடு வெட்டும் கத்தரியாலோ ரம்பத்தாலோ வேண்டிய அளவுக்கு வெட்டி, விளிம்பின் பிசிறை அரத்தால் ராவிவிட்டு, நான்கு மூலைகளையும் சற்றே உருட்டிவிடுங்கள். வெட்டிய பித்தளை விளிம்பு விரலைக் கிழித்துவிடும். துளை போட வேண்டிய இடத்தை இப்போது குறி மட்டும் செய்யுங்கள்; துளையிடுவது எழுத்து அடித்த பிறகு. முன்பே துளைத்துவிட்டால், அருகில் விழும் அடி வட்டத்துளையை முட்டை வடிவமாக்கிவிடும்.

தகட்டை இளக்குதல்

கடையில் கிடைக்கும் செம்புத் தகடும் பித்தளைத் தகடும் உருளைகளுக்கு இடையில் அழுத்தித் தேய்க்கப்பட்டவை. அந்த அழுத்தத்தாலேயே இறுகிப்போனவை. அப்படியே அடித்தால் எழுத்து ஆழம் குறைவாகப் பதிவதோடு, சுத்தியல் துள்ளி ஒரே எழுத்து இரண்டாகவும் தெரியும். ஆகவே தகட்டைச் சூடேற்றி இளக்க வேண்டும். இந்த ஒரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடித்த எழுத்து மங்கலாக இருப்பதற்கான முதல் காரணம் பெரும்பாலும் இதுவே.

வெளிச்சம் குறைந்த, ஆனால் காற்றோட்டம் நிறைந்த இடத்தில் கையடக்க கேஸ் டார்ச்சின் சுடரைத் தகடு முழுவதும் சீராகப் படும்படி காட்டுங்கள். தகட்டில் முதலில் வண்ணங்கள் ஓடும், பிறகு கறுக்கும், அதன்பின் மங்கிய செந்நிறம் தெரியும். அந்த மங்கிய சிவப்பே பதம். ஆரஞ்சு நிறம் வரும்வரை விடக்கூடாது. பித்தளையில் துத்தநாகம் இருப்பதால் அளவுக்கு மீறிச் சூடேற்றினால் அது புகையாக வெளியேறும். அந்தப் புகையைச் சுவாசிப்பது உடலுக்குக் கேடு. சுடரை எடுத்துவிட்டு, சிவப்பு முழுவதும் அடங்கிய பின் இடுக்கியால் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பித்தளையை அப்படியே காற்றில் ஆறவிட்டாலும் மென்மை குறையாது, விரிசல் விடும் அபாயமும் இராது.

அலுமினியத்துக்கு இந்த நிறக் கணக்கு உதவாது. அது சிவக்கும் என்று காத்திருந்தால் 660 பாகை செல்சியஸில் திடீரென்று உருகி ஒழுகிவிடும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு: துணி துவைக்கும் சோப்புக் கட்டியால் தகட்டின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுச் சூடேற்றுங்கள். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுத்ததும் நிறுத்திவிடுங்கள். கைவினைக்கென்று விற்கும் மென்மையான அலுமினியத் தகட்டுக்குப் பெரும்பாலும் இதுவும் தேவைப்படாது.

சூடேற்றிய செம்பிலும் பித்தளையிலும் கறுப்புப் படலம் படிந்திருக்கும். நம் வீடுகளில் குத்துவிளக்கு துலக்கும் அதே புளிதான் இதற்கும் மருந்து. புளிக்கரைசலில் சிறிது உப்புச் சேர்த்து அதில் தகட்டை ஊறவைத்து, நாரால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் உலோகம் பளிச்சென்று வெளிப்படும். நுண்ணிய உப்புத்தாளால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் கோடு போடத் தயார்.

அடிக்கட்டையும் சுத்தியலும்

தகட்டுக்குக் கீழே இருக்கும் கட்டை எவ்வளவு கனமாகவும் அசையாமலும் இருக்கிறதோ அவ்வளவுக்கு எழுத்து தெளிவாக விழும். மரப்பலகையின் மேல் வைத்து அடித்தால் பலகை அடியின் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும்; தகடு குழியும்; எழுத்து பாதிதான் பதியும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள, மேற்பரப்பு சமமான இரும்புக் கட்டையே போதும். அதை மேசையின் நடுவில் வைக்காமல் கால் இருக்கும் மூலைக்கு நேர் மேலே வையுங்கள். மேசையின் நடுப்பகுதி ஒவ்வோர் அடிக்கும் துள்ளும். கால் இருக்கும் மூலை துள்ளாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கட்டைக்கு அடியில் இறுக்கமாக மணல் நிரப்பிய தடித்த துணிப்பையை வைத்துக்கொண்டால் கீழ்வீட்டாருக்குச் சத்தம் குறையும்.

3, 4 மி.மீ. எழுத்துக்கு ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள சுத்தியல் சரியாக இருக்கும். பெரிய எழுத்துக்கு ஒரு கிலோ வரை போகலாம். பித்தளைத் தலைச் சுத்தியல் கிடைத்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். அது பஞ்ச்சின் தலையில் பட்டு வழுக்குவதில்லை, துள்ளலும் குறைவு. கைப்பிடியின் நுனியைப் பிடித்து ஓங்கி வீச வேண்டாம். தலைக்கு அருகில் பிடித்து, சுத்தியலின் எடையை நேராக இறக்குவதே முறை.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கடினப்படுத்திய எஃகு அரிதாகவே தெறிக்கும், ஆனால் தெறித்த சில்லு கண்ணுக்குள் போனால் சரிசெய்ய முடியாது. நீண்ட நேரம் அடிப்பவர்கள் காதுக்கும் அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கோடு போடுதலும் இடைவெளிக் கணக்கும்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். 60 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் உள்ள பித்தளைச் சாவி வில்லையில் 'செல்வி' என்ற பெயரை ஆங்கில எழுத்தில், 4 மி.மீ. செட்டால் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகள் எஸ், இ, எல், வி, ஐ.

4 மி.மீ. உயரமுள்ள சாதாரண எழுத்தின் அகலம் சுமார் 3 மி.மீ. இருக்கும், 'ஐ' மட்டும் 1 மி.மீ. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 1 மி.மீ. விட்டால், நான்கு எழுத்துக்கு 12, 'ஐ'க்கு 1, நான்கு இடைவெளிக்கு 4, ஆக மொத்தம் 17 மி.மீ. மீதி 43 மி.மீ.யை இரண்டாகப் பிரித்தால் இடப்புறம் 21.5 மி.மீ. விட்டுத் தொடங்க வேண்டும். ஒரு பக்கத்தில் வளையத் துளை வருமானால், துளைக்கு ஒதுக்கிய இடத்தை முதலில் கழித்துவிட்டு எஞ்சிய நீளத்துக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அளவுகோல் சொல்லும் இடைவெளியும் கண் ஏற்கும் இடைவெளியும் ஒன்றல்ல. இதே பெயரில் 'எல்' எழுத்தின் மேற்புறம் வெறுமையாக இருக்கிறது. அடுத்து வரும் 'வி'யின் கீழ்ப்புறம் ஒடுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் 1 மி.மீ. விட்டாலே பெரிய பள்ளம் போலத் தோன்றும். அங்கு அரை மி.மீ. போதும். 'வி'க்கும் 'ஐ'க்கும் நடுவில் முழு இடைவெளி வேண்டும். 'எம்', 'டபிள்யூ' ஆகியவை மற்றவற்றைவிட அகலமானவை. அவற்றுக்குக் கூடுதலாக 1 மி.மீ. ஒதுக்குங்கள்.

பஞ்ச்சின் தண்டு எழுத்தைவிடப் பருமனானது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு தண்டை ஒட்டி அடுத்த தண்டை வைத்து அடித்துக்கொண்டே போனால் எழுத்துகள் தள்ளித்தள்ளி விழும். ஆகவே முதலில் ஒரு துண்டு அலுமினியத்தில் முழுப் பெயரையும் அடித்து, ஒவ்வோர் எழுத்தின் நடுவும் எங்கே விழுகிறது என்று அளந்து, அதே அளவில் உண்மைத் தகட்டில் குறி வைப்பது பாதுகாப்பான வழி.

எழுத்துகளின் அடி ஒரே வரிசையில் நிற்பதற்கு, அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே தடித்த மாஸ்கிங் டேப் நாடாவை இரண்டு, மூன்று அடுக்காக ஒட்டுங்கள். தண்டின் கீழ்விளிம்பு அந்த நாடாவின் விளிம்பில் முட்டி நிற்கும். விரல் நுனிக்கே அது தெரியும். நாடாவின் மேல் பென்சிலால் ஒவ்வோர் எழுத்தின் நடுக்குறியையும் எழுதிக்கொள்ளலாம். தகட்டின் விளிம்பிலிருந்து 2 மி.மீ.க்குள் எந்த எழுத்தும் வரக்கூடாது. வந்தால் விளிம்பு வெளியே பிதுங்கும்.

நடுவெழுத்திலிருந்து தொடங்குவது நல்ல பழக்கம். நம் எடுத்துக்காட்டில் 'எல்' முதலில், பிறகு இடப்பக்கம் 'இ', 'எஸ்', அதன்பின் வலப்பக்கம் 'வி', 'ஐ'. சிறு பிசகு நேர்ந்தாலும் அது இரு பக்கமும் பங்கிடப்படும். கடைசி எழுத்து மட்டும் விளிம்பில் போய் இடிக்கும் நிலை வராது.

அடிக்கும் முறை

தகட்டின் இரு ஓரங்களையும் நாடாவால் அடிக்கட்டையோடு ஒட்டிவிடுங்கள். பஞ்ச்சின் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடித்து, சுண்டுவிரலைத் தகட்டின் மேலேயே ஊன்றிக்கொள்ளுங்கள். நுனி தகட்டில் முழுவதும் அமர்ந்திருக்கிறதா என்பதை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து உணரலாம். அமர்ந்த கணத்தில் அசைவு நின்றுவிடும். தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்தால் எழுத்தின் தலையோ காலோ மட்டும் ஆழமாகவும் மற்றது மங்கலாகவும் விழும்.

பார்வை இப்போது சுத்தியலில் இருக்கக்கூடாது. பஞ்ச்சின் தலையில் இருக்க வேண்டும். ஒரே அடி, உறுதியாக. இரண்டு, மூன்று முறை தட்டிப் பார்ப்பதால் பஞ்ச் இம்மியளவு நகர்ந்து எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே விசையும் கூடாது. 'ஐ', எண் ஒன்று போன்றவற்றின் பரப்பு குறைவு. அவற்றைச் சற்று இலேசாக அடிக்காவிட்டால் ஆழமாகப் போய்விடும். 'எம்', 'டபிள்யூ', எட்டு ஆகியவற்றுக்குக் கூடுதல் விசை வேண்டும்.

அடித்த எழுத்தின் ஒரு பகுதி மங்கலாக இருந்தால், அதே பஞ்ச்சை எடுத்துப் பள்ளத்துக்குள் வைத்து இலேசாகத் தடவுங்கள். சரியான இடத்தில் 'க்ளிக்' என்று பொருந்துவது கைக்குத் தெரியும். அப்போது மங்கலான பக்கமாக ஒரு மயிரிழை சாய்த்து ஒரு சிறு அடி. பொருந்தாத வரை அடிக்கவே கூடாது.

நம் ஊர்களில் 'புதிய எண் 14, பழைய எண் 8' என்று இரண்டு எண்களும் வீட்டுப் பலகையில் தேவைப்படும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய பலகைக்குப் புதிய எண்ணை 10 மி.மீ. செட்டாலும் பழையதை 4 மி.மீ. செட்டாலும் அடித்தால் தபால்காரருக்குக் குழப்பம் வராது. '27/4' என்பதிலுள்ள சாய்கோடு செட்டில் இருக்காது. தட்டை உளியைச் சாய்வாக வைத்து ஒரு அடி அடித்தால் அது கிடைத்துவிடும். 10 மி.மீ. எண்களை ஒரே அடியில் இறக்குவது கடினம். அங்கு மட்டும், பஞ்ச்சைத் தூக்காமல் அழுத்திப் பிடித்தபடி, நான்கு பக்கமும் சிறிது சிறிதாகச் சாய்த்து அடிக்கலாம்.

எழுத்து அடித்து முடித்ததும் தகடு பின்னோக்கி வளைந்திருக்கும். அதைக் குப்புறத் திருப்பிப் போட்டு, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டிச் சமப்படுத்துங்கள். இரும்புச் சுத்தியல் இங்கே கூடாது. அதன் வடு தகட்டில் விழுந்துவிடும். இனித் துளையிட்டு, துளையின் பிசிறையும் எடுத்துவிடலாம்.

எழுத்துக்குக் கருமை ஏற்றுதல்

வெறும் உலோகத்தில் விழுந்த எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். கறுப்பு எனாமல் பெயிண்டைப் பள்ளங்களுக்குள் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, மேற்பரப்பை ஒரு கெட்டி அட்டையால் வழித்தெடுங்கள். மென்மையான துணியை விரலில் சுற்றித் துடைத்தால் அது பள்ளத்துக்குள் புகுந்து பெயிண்டை உறிஞ்சிவிடும். துணிதான் வேண்டுமென்றால் அதை ஒரு தட்டையான மரத்துண்டின் மேல் இறுக்கிச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, 600க்கு மேற்பட்ட எண்ணுள்ள நுண்ணிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்தால் மேற்பரப்பு பளபளக்கும், எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும்.

செம்புக்கும் வெள்ளிக்கும் பெயிண்ட் இல்லாமலே கருமை ஏற்ற ஒரு வழி உண்டு. நன்றாக வேகவைத்த முட்டையைச் சூடு ஆறுவதற்குள் மஞ்சள் கருவோடு நசுக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, முட்டை தொடாதபடி தகட்டை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி உலோகத்தோடு சேர்ந்து கரும்படலம் உண்டாக்கும். சில மணி நேரத்துக்குப் பின் எடுத்து மேற்பரப்பை மட்டும் துலக்கினால், பள்ளத்தில் கருமை தங்கிவிடும். அலுமினியத்தில் இது வேலை செய்யாது.

தோலில் எழுத்து

எல்லாத் தோலிலும் எழுத்து நிற்காது. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் அழுத்தினாலும் மீண்டும் எழும்பிவிடும். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோமியத் தோல். வேண்டியது மரப்பட்டையாலும் காயாலும் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை தமிழ்நாட்டுக்கே உரிய பெருமை. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி ஆகிய ஊர்களில் வளர்ந்த அம்முறையில் உருவாகும் கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதில் 2 மி.மீ. கனத்துக்குக் குறையாத துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

ஈரப்பஞ்சால் தோலின் முகப்பக்கத்தைச் சீராக நனையுங்கள். உடனே அடிக்கக்கூடாது. நனைந்ததால் கருத்த நிறம் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். அந்தப் பதத்தில் அடித்தால் எழுத்தின் ஓரம் கூர்மையாக விழுந்து, காய்ந்த பின்னும் அப்படியே நிற்கும். அதிக ஈரத்தில் அடித்தால் ஓரம் கொழகொழவென்று உப்பிவிடும். உலர்ந்த தோலில் அடித்தால் நாளடைவில் மங்கும். அடிக்கட்டைக்கு இங்கே இரும்பு தேவையில்லை. சமையலறை வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். சுத்தியலுக்குப் பதில் கொட்டாப்புளி. தோலுக்கென்று விற்கும் எழுத்துகள் மென்மையான உலோகக் கலவையால் ஆனவை என்பதால் அவற்றை உலோகத்தில் அடித்தால் முதல் அடியிலேயே நசுங்கிவிடும்.

உலோகத்துக்கான எஃகு பஞ்ச்சையே தோலுக்கும் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டையால் பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. ஈரத்தோடு இரும்பு பட்டால் இரண்டும் சேர்ந்து அழியாத கறுப்புக் கறை உண்டாகும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஊறிய துணியின் மேல் இரும்பு ஊறிய கரைசலால் கறுப்புக் கோடு வரைகிறார்களே, அங்கு நிகழும் அதே மாற்றம்தான். ஆகவே துருவே இல்லாத பஞ்ச்சை, ஒவ்வோர் அடிக்கும் முன் துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். உப்புத்தாள் தேய்த்த இரும்புத் தூள் மேசையில் கிடக்கும்போது தோலை அங்கே வைக்கவே கூடாது.

களிமண்ணிலும் இதே செட் உதவும். மண் கையில் ஒட்டாமல், ஆனால் வளையும் பதத்தில் இருக்கும்போது, பஞ்ச்சின் நுனியில் துளி எண்ணெய் தடவிக் கையால் அழுத்தினாலே போதும். காய்ந்து சுடும்போது மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் எழுத்தைச் சற்றுப் பெரிதாகத் தேர்ந்தெடுங்கள். மரத்தில் அடிக்கலாம் என்றாலும், ஈரம் பட்டால் நார் உப்பி எழுத்து மறையும். அடித்த பின் வார்னிஷ் பூசாமல் விடக்கூடாது.

பஞ்ச்சைப் பேணுதல், அடிக்கக்கூடாதவை

கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் எஃகு வேகமாகத் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவி, எண்ணெய்த்துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். நாளடைவில் பஞ்ச்சின் தலை அடிபட்டுக் குடைபோல் விரியும். அந்த விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டால் ஒரு நாள் அதிலிருந்து சில்லு தெறிக்கும்.

நீங்களே செய்த வெள்ளி அல்லது தங்க நகையாக இருந்தாலும் தூய்மையைக் குறிக்கும் 925, 916 போன்ற எண்களை நீங்களாகவே அடிக்க வேண்டாம். ஹால்மார்க் முத்திரை இடும் உரிமை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கே உண்டு. வாகனத்தின் அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணைத் திருத்துவது குற்றம் என்பதால், யாராவது அதற்காக அணுகினால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

தமிழில் அடிக்க வேண்டும் என்றால்

கடைகளில் கிடைப்பவை ஆங்கிலச் செட்களே. நம் பெயரை நம் எழுத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன.

எளியது புள்ளி முறை. பெயரை வேண்டிய அளவில் மெல்லிய தாளில் எழுதித் தகட்டின் மேல் பசையால் ஒட்டி, கூர்முனைப் பஞ்ச் ஒன்றால் கோட்டின் மேலேயே 1 மி.மீ.க்கு ஒன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். பழைய பாத்திரங்களில் காணும் பெயர்கள் இப்படித்தான் வெட்டப்பட்டன. 'ண', 'இ', 'ஞ' போன்ற சுழியுள்ள எழுத்துகளுக்கு இதைவிட இணக்கமான முறை இல்லை. முதலில் சுழியின் உச்சி, அடி, இரு பக்கங்கள் என நான்கு புள்ளிகளை வைத்துவிட்டு இடையில் நிரப்பினால் வட்டம் கோணாது. எழுத்தின் உயரம் 8 மி.மீ.க்குக் குறைந்தால் சுழிகள் அடைந்துவிடும்.

இரண்டாவது, நேர்கோட்டு உளி ஒன்றும் அரைவட்ட உளிகள் இரண்டு, மூன்றும் வைத்துக்கொண்டு எழுத்தைக் கூட்டி அமைப்பது. 'ட' இரண்டு அடியில் முடியும், 'ப' மூன்று அடியில். வளைவான எழுத்துகளுக்குப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, அச்சு வெட்டும் பட்டறையில் தமிழ்ச் செட் செய்யச் சொல்வது. 247 எழுத்துக்கும் தனித்தனித் தண்டு தேவை என்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை. உயிரெழுத்து 11 (ஔ என்பதை ஒ, ள இரண்டையும் கொண்டு அமைக்கலாம்), ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என 5, இகர ஈகாரக் கொக்கிகள் 2, கொக்கி வேறுவிதமாகச் சேரும் 'டி', 'டீ' 2, உகர ஊகார வரிசை 36, ஆக 75 தண்டுகளில் தமிழ் முழுவதையும் அடித்துவிடலாம். இந்த எண்ணிக்கை இவ்வளவு குறைந்ததற்குப் பெரியார் 1935-இல் முன்வைத்து, தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு காரணம். அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. இன்று அவற்றைக் காலும் கொம்பும் சேர்த்தே அமைத்துவிடுகிறோம்.

முழுச் செட்டுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் தம் வீட்டுப் பெயர்களை எழுதிப் பார்த்து, அவற்றுக்கு வேண்டிய தண்டுகளை மட்டும் செய்துகொள்ளலாம். 'கயல்விழி', 'கவின்' என்ற இரண்டு பெயர்களுக்கு க, ய, ல, வ, ழ, ன, இகரக் கொக்கி, புள்ளி என எட்டுத் தண்டுகளே போதும். தோலுக்கு மட்டும் என்றால் பித்தளையில் வெட்டினால் போதுமானது, செலவும் குறைவு. உலோகத்துக்கு என்றால் கடினப்படுத்திய எஃகு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லா எழுத்துக்கும் அடிக்கோடு தண்டின் ஒரே உயரத்தில் அமைய வேண்டும் என்பதையும், கொம்பும் காலும் அந்த அடிக்கோட்டிலேயே நிற்க வேண்டும் என்பதையும் வரைபடத்தோடு கொடுங்கள். எஃகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் களிமண்ணில் அழுத்திக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 'ன' எழுத்தின் சுழி இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் விழுந்திருந்தால் அச்சு சரியாகத் திருப்பி வெட்டப்பட்டிருக்கிறது. மாறி விழுந்திருந்தால் அந்த நிலையில் திருத்தச் சொல்லலாம், கடினப்படுத்திய பிறகு முடியாது.